ஓட்டுக்குள் நிற்கும் குஞ்சுக்குக் கை கொடுக்கலாமா?

இருபத்தொன்றாம் நாள். பொரிப்புப் பெட்டிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. பன்னிரண்டு முட்டைகளில் ஒன்பது பொரிந்துவிட்டன. ஈரம் காய்ந்த குஞ்சுகள் பஞ்சுருண்டைகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுகின்றன. மீதியிருக்கும் மூன்றில் ஒன்றின் ஓட்டில் காலையிலேயே கீறல் விழுந்தது. மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியே மூக்கு நுனி தெரிகிறது. உள்ளிருந்து 'கீச் கீச்' என்று சத்தமும் வருகிறது. மாலையாயிற்று; ஓட்டை பெரிதாகவில்லை. இரவு மணி பத்து. அப்படியேதான் இருக்கிறது.

வீட்டில் வழக்கு ஆரம்பமாகிவிடும்.

"பாட்டி, பாவம் பாட்டி! கொஞ்சமா ஓட்டப் பேத்து விடட்டுமா?"

"கைய வச்சிராதடா தம்பி! அதது நேரத்துக்கு அதது வரும். கோழி என்ன, கத்திய வச்சிக்கிட்டா ஓட்ட வெட்டுது?"

"விடியறதுக்குள்ள செத்துப் போயிடுமே!"

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு என்று சொல்லி நழுவிக்கொள்வது எளிது. அதனால் ஒரு குஞ்சும் பிழைக்கப் போவதில்லை. ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான இரவுகளில் பாட்டி சொல்வதே சரி. சில இரவுகளில் பேரன் சொல்வது சரி. எந்த இரவு யாருடைய இரவு என்று கண்டுகொள்ள ஒரு வழி இருக்கிறது. அது சுவர்க் கடிகாரத்தில் இல்லை. ஓட்டுக்கு அடியில் இருக்கும் மெல்லிய சவ்வில் இருக்கிறது.

அடைக்கோழி இருந்தவரை

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குக் கோழியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது! லயத்து வீட்டின் பின்புறம் ஒரு கூண்டு. அதில் நாலைந்து கம்பத்துக் கோழிகள். முட்டை விற்ற காசு வீட்டம்மாவின் கைச்செலவுக்கு. தீபாவளிக்கு ஒன்று, மாப்பிள்ளை விருந்துக்கு ஒன்று, முனியாண்டி சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று. சம்பளச் சீட்டில் வராத வருமானம் அது.

கோழி அடைக்குப் படுத்தால், பழைய கூடையில் மணலோ உமியோ பரப்பி முட்டைகளை ஒற்றைப்படையில் வைப்பார்கள். ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று பக்கத்தில் ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் கிடக்கும். மாலையானால் இடி முழங்குகிற கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த ஆணிக்கு ஓய்வே இருந்திருக்காது!

அன்றைக்கு இந்த வழக்கே எழவில்லை. காரணம் எளியது. கோழியின் வயிற்றுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. கையை விட்டால் கொத்து விழும். பொரிந்த குஞ்சுகளை அழைத்துக்கொண்டு தாய் இரண்டொரு நாளில் கூடையைவிட்டு இறங்கிவிடும். பின்தங்கிய முட்டை பின்தங்கியதுதான். "கூமுட்டை" என்று சொல்லி அதைத் தூரத்தில் எறிந்துவிடுவார்கள். அவற்றுள் சில கூமுட்டை அல்ல, ஓட்டுக்குள்ளே முழுதாக வளர்ந்து நின்றுபோன குஞ்சுகள் என்பது உடைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு தோட்டங்கள் போயின. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவாயிற்று. அடைக்கோழிக்கு இடமில்லாத வீடுகளுக்கு நம்மவர்கள் வந்து சேர்ந்தார்கள். அடுக்குமாடியில் கோழி வளர்க்க அனுமதி இல்லை என்பதும் தெரிந்ததுதான். ஆனால் வீட்டோடு கொஞ்சம் நிலம் கிடைத்தவர்கள், இன்னும் தோட்டத்திலேயே இருப்பவர்கள், கிள்ளானைச் சுற்றியுள்ள கம்பத்துப் பக்கம் குடியேறியவர்கள் ஆகியோரின் வீடுகளில் கோழி இன்னும் உண்டு. மீன் கடையில் வாங்கி வந்த வெள்ளை நுரைப்பெட்டியும் ஒரு பல்பும் வைத்துத் தாமே இன்குபேட்டர் செய்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் சின்னஞ்சிறிய இயந்திரமாகவே வாங்குபவர்களும் இருக்கிறார்கள். மூடியில் கண்ணாடி இருக்கிறது. எல்லாம் தெரிகிறது. தெரிவதால்தான் இந்தத் தவிப்பு!

தாயில்லாமல் பொரிக்கும் கலை மட்டும் புதிதல்ல. எகிப்து நாட்டில் மண் செங்கல்லால் அடுப்பறைகள் கட்டி ஆயிரக்கணக்கில் முட்டைகளை அடுக்கிப் பொரித்தார்கள். வெப்பமானி இல்லாத காலத்தில் முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிச் சூடு பார்த்தார்களாம். சீனர்கள் நெல்லைச் சூடாக்கிக் கூடைகளில் நிரப்பி, அதனிடையே வாத்து முட்டைகளைப் புதைத்துப் பொரித்தார்கள். ஆயிரம் முட்டை வைத்தவர் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து கவலைப்பட முடியாது. பன்னிரண்டு வைத்தவருக்குத்தான் அந்த வேதனை.

அந்த மௌனத்தில் நடப்பது என்ன?

ஓட்டைப் போட்டுவிட்டு அசையாமல் கிடக்கும் குஞ்சு என்ன செய்துகொண்டிருக்கிறது? இது தெரிந்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

முதல் பதினெட்டு நாள் குஞ்சுக்கு நுரையீரல் வேலை செய்வதில்லை. ஓட்டின் உட்புறத்தில் ஒரு சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் மர வேர்போல இரத்தநாளங்கள் பரவியிருக்கும். ஓட்டிலுள்ள பல ஆயிரம் நுண்துளைகள் வழியே வரும் காற்றை அந்த நாளங்கள்தாம் எடுத்துக்கொடுக்கின்றன. குஞ்சின் மூச்சு அந்த வேரில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது, இருபதாம் நாள்களில் குஞ்சு பெரிதாகிவிடுகிறது. அந்த மூச்சு போதவில்லை. உயிர்வாயு குறைந்து கரியமில வாயு கூடுகிறது. அந்த நெருக்கடியில் பிடரித் தசை வெட்டி வெட்டி இழுக்கிறது. மூக்கு நுனியில் முளைத்திருக்கும் கூரிய வெள்ளைப் புள்ளி, முட்டையின் அகன்ற பக்கத்திலுள்ள காற்றறைக்குள் குத்தி நுழைகிறது. அந்தப் புள்ளிக்கு 'முட்டைப் பல்' என்று பெயர். குஞ்சின் முதல் மூச்சு அப்போதுதான். ஓட்டில் ஒரு கீறலும் இல்லாமலே உள்ளிருந்து கீச்சொலி கேட்பது இதனால்தான்.

காற்றறையில் இருக்கும் காற்று சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அது தீர்வதற்குள், சிலவேளை ஒரு நாள் வரைகூட எடுத்துக்கொண்டு, குஞ்சு ஓட்டில் முதல் கீறலைப் போடும். அதற்குப் பிறகுதான் நம்மைப் பதறவைக்கும் அந்தப் பெரிய ஓய்வு. பன்னிரண்டு மணி நேரம், பதினெட்டு மணி நேரம், இருபத்து நான்கு மணி நேரம்கூட ஆகலாம்.

அந்த நேரத்தில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஓட்டுச் சவ்வின் நாளங்களில் ஓடிய இரத்தம் மெல்ல மெல்லக் குஞ்சின் உடம்புக்குள் திரும்புகிறது. மீதமிருந்த மஞ்சள் கரு பையோடு தொப்புள் வழியே வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. மஞ்சள் கரு என்பது பயணத்துக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. பொரிந்த குஞ்சு இரண்டு மூன்று நாள் தீனியும் தண்ணீரும் இல்லாமல் தாங்குவது அதனால்தான். ஒரு நாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் அடைத்து ஊர்விட்டு ஊர் அனுப்பும் வியாபாரமே அந்தக் கட்டுச்சோற்றை நம்பி நடப்பதுதான்.

இரண்டு வேலையும் முடிந்த பிறகே குஞ்சு மறுபடி அசையும். உள்ளேயே சுற்றித் திரும்பி, தொப்பியைப்போல ஓட்டின் மேற்புறத்தை வட்டமாக வெட்டும். அது தொடங்கிவிட்டால் பெரும்பாலும் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்து விழும்.

ஆகவே அசையாமல் கிடக்கும் குஞ்சு சோம்பியும் கிடக்கவில்லை, மாட்டிக்கொண்டும் கிடக்கவில்லை. மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது!

கீச்சொலியையும் தவறாகப் பொருள்கொள்ள வேண்டாம். அது 'காப்பாற்று' என்ற கூக்குரல் அல்ல. அடைக்கோழி முட்டைகளோடு பேசும். முட்டைக்குள் இருக்கும் குஞ்சு பதில் சொல்லும். காடை முட்டைகளை இங்கிலாந்தில் 1960களில் ஆராய்ந்தபோது, உள்ளிருக்கும் குஞ்சுகள் 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பி ஒன்றையொன்று முடுக்கி, ஒரே நேரத்தில் பொரிய முயல்வது தெரியவந்தது. உங்கள் முட்டை கத்தினால் நீங்களும் மூடிக்கு வெளியே இருந்து 'பக் பக்' என்று இரண்டு வார்த்தை பேசுங்கள். காசா, பணமா?

அவசரக் கை என்ன செய்யும்?

நாளங்களில் இரத்தம் நிறைந்திருக்கும் வேளையில் ஓட்டைப் பெயர்த்தால், ஓட்டோடு ஒட்டிய சவ்வும் சேர்ந்து கிழியும். நாளம் அறுந்து இரத்தம் வடியும். கம்பத்துக் கோழி முட்டையிலிருந்து வரும் குஞ்சின் எடை முப்பது கிராம் சொச்சம். அதன் உடம்பிலுள்ள மொத்த இரத்தமும் ஒரு தேக்கரண்டி நிறையாது. நம் விரலில் சில துளி போனால் ஒன்றுமில்லை. அதற்குச் சில துளி போனால் உயிரே போகும்.

கீழ்ப்பாதி ஓட்டைக் கழற்றுவது இன்னும் கெடுதல். தொப்புள் அங்கேதான் இருக்கிறது. மஞ்சள் கரு உள்ளே போய் முடிவதற்குள் இழுத்தால் பை வெளியே தொங்கும். அப்படி வந்த குஞ்சு கிருமி ஏறிச் சில நாளில் சாகும். பேரன் இரவு முழுக்கக் கண்விழித்துக் காப்பாற்றிய குஞ்சு மூன்றாம் நாள் காலையில் விறைத்துக் கிடந்தால், கெட்டது குஞ்சின் விதி அல்ல, முந்தைய இரவின் அவசரம்.

அடிக்கடி மூடியைத் திறந்து பார்ப்பதும் கை வைப்பதில்தான் சேர்த்தி. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே சேர்ந்த ஈரக்காற்று வெளியே ஓடிவிடுகிறது. ஓட்டை போட்ட குஞ்சின் சவ்வு காய்ந்து, இறைச்சியைச் சுற்றிய காகிதம்போல அதன்மேல் இறுகிக்கொள்கிறது. பிறகு அது உண்மையாகவே மாட்டிக்கொள்கிறது. பரிதாபப்பட்டுப் பார்த்துப் பார்த்தே பரிதாபத்துக்குரியதாக்கிவிடுகிறோம்.

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையை வெந்நீரில் மிதக்கவிட்டு ஆட்டம் பார்க்கும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்க் குஞ்சு மூழ்கும். விட்டுவிடுங்கள். கைவிளக்கு ஒன்று போதும்.

பேரன் பக்கம் நியாயம் இருக்கும் இரவு

இனி மறுபக்கம். 'உதவி செய்து வெளியே எடுத்த குஞ்சு தேறாது' என்று ஒரேயடியாகச் சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. சவ்வு காய்ந்ததால் மாட்டிக்கொண்ட குஞ்சில் குறை இல்லை, குறை பெட்டியில். நாம் செய்த கோளாறுக்கு அதைச் சாகவிடுவது என்ன நியாயம்? வேளையறிந்து எடுத்துவிட்டால் கூடப்பிறந்த குஞ்சுகளுக்குச் சமமாக அதுவும் மேயும்.

வேளையை எப்படி அறிவது? முதலில், கீறல் விழுந்த நேரத்தை ஓட்டிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். "காலையிலிருந்து இப்படியே இருக்கிறது" என்று சொல்பவரின் காலை, பல வீடுகளில் பகல் பன்னிரண்டு மணிதான்! இருபத்து நான்கு மணி நேரம் ஆகும் வரை, சவ்வு வெண்மையாக ஈரத்தோடு இருந்து, குஞ்சும் அவ்வப்போது அசைந்தால், பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

அதற்கு முன்னதாகவே பார்க்க வேண்டிய நிலை ஒன்று உண்டு. ஓட்டையைச் சுற்றியுள்ள சவ்வு பழுப்பேறித் தோல்போலக் காய்ந்திருக்கிறது. அல்லது ஓட்டைப் பாதி வட்டம் வெட்டிய குஞ்சு மூன்று நான்கு மணி நேரமாக மேலே போகாமல் நின்றுவிட்டது. இவை இரண்டும் மாட்டிக்கொண்டதன் அடையாளம்.

மின்விசிறியையும் ஏர்கண்டிஷனையும் நிறுத்துங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முட்டையை வெதுவெதுப்பான ஈரத் துணியில் பிடித்துக்கொண்டு, பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, ஓட்டையைச் சுற்றியுள்ள சவ்வில் மட்டும் ஒற்றுங்கள். மூக்குத் துவாரத்தில் தண்ணீர் இறங்கக்கூடாது. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டும் இதற்கு உதவும். நனைந்த சவ்வு கண்ணாடிபோலத் தெளியும். இப்போது கைவிளக்கை அருகே பிடித்துப் பாருங்கள்.

சிவப்பு வேர்கள் தெரிகின்றனவா? தெரிந்தால் வழக்கு முடிந்தது, தீர்ப்பு பாட்டிக்கு. முட்டையைத் திரும்ப வைத்து, ஐந்தாறு மணி நேரம் கழித்துப் பாருங்கள். வேர்கள் வற்றி வெளுத்திருக்கின்றனவா? அப்படியானால் பேரன் தொடங்கலாம்.

அகன்ற பக்கத்தில், குஞ்சே வெட்டியிருக்கக்கூடிய வட்டத்தின் வழியே ஓட்டை மட்டும் நகத்தாலோ சிறு இடுக்கியாலோ பொடிப்பொடியாகப் பெயர்க்க வேண்டும். சவ்வை நனைத்து நனைத்து மெதுவாக விலக்கி, மூக்கும் தலையும் விடுபட வழி செய்யுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்திலாவது சிவப்புப் பொட்டு தெரிந்தால், சுத்தமான காய்ந்த பஞ்சால் மெல்ல அழுத்தி, அப்படியே பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கீழ்ப்பாதி ஓட்டைத் தொடவே வேண்டாம். தலை விடுபட்ட குஞ்சு ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானே காலை உதைத்துக் கழற்றிக்கொள்ளும். கழற்றாவிட்டால் உள்ளே இன்னும் வேலை இருக்கிறது என்று பொருள்.

இன்னொரு வகை உண்டு. கைவிளக்கில் பார்த்தால் காற்றறைக்குள் மூக்கின் நிழல் தெரிகிறது, சத்தமும் கேட்கிறது. ஆனால் ஒரு முழு நாளாகியும் ஓட்டில் கீறலே இல்லை. காற்று தீர்ந்துவிடும் அபாயம் இது. நெருப்பில் காட்டிய ஊசியால் அகன்ற பக்கத்தின் உச்சியில், காற்றறைக்கு நேர் மேலே, சிறு துளை ஒன்று போடுங்கள். அவ்வளவுதான். மூச்சுக்கு வழி கொடுத்துவிட்டு மறுபடியும் காத்திருக்க வேண்டும்.

கூர்ப்பக்கத்தில் ஓட்டை போடும் குஞ்சுகள்தாம் மிகவும் சங்கடமானவை. தலை கீழ்ப்பக்கம் போய்விட்டதால் அவற்றுக்குக் காற்றறை கிடைக்காது. நாளங்கள் வற்றவும் நேரம் பிடிக்கும். சில தாமே வந்துவிடும். சில, நீங்கள் என்ன செய்தாலும் வராது. இவற்றுக்கு மற்றவற்றைவிட அதிக நேரம் கொடுத்து, சவ்வைப் பார்த்துப் பார்த்துத்தான் தொட வேண்டும்.

பழி யார்மேல்?

ஒன்றிரண்டு முட்டை பின்தங்கினால் இயற்கை. பன்னிரண்டில் ஐந்தாறு மாட்டிக்கொண்டால், இருபத்தொன்றாம் நாள் இரவில் இடுக்கியோடு நிற்பதில் பயனில்லை. கோளாறு முதல் பதினெட்டு நாளில் நடந்திருக்கிறது.

சூடு நூறு டிகிரி பாரன்ஹீட், அதாவது 37.7 செல்சியஸ். விசிறி உள்ள பெட்டிக்கு இது கணக்கு. விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடாகவும் கீழே குளிராகவும் இருக்கும். முட்டையின் மேல்மட்டத்தில் ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கலாம். சூடு குறைந்தால் குஞ்சு தாமதமாக வரும். கூடினால் முன்னதாகவே, தொப்புள் மூடாமல் வரும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது என்பதையும் பெட்டி செய்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

சூட்டை மாற்றினால் எல்லாம் பெட்டையாகவே பொரியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோழியில் சேவலா பெட்டையா என்பது முட்டை இடும்போதே முடிவாகிவிட்டது. ஆமையில்தான் சூடு முடிவு செய்யும். திரங்கானு ரந்தாவ் அபாங் கடற்கரையில் 1961 முதல் பெலிம்பிங் ஆமைகளின் முட்டைகளைச் சேகரித்து, காவல் போட்ட மணல் திடலில் புதைத்துப் பொரித்தார்கள். நல்ல எண்ணந்தான். பிற்பாடு ஆராய்ந்தபோது, அந்த மணலின் சூட்டில் பிறந்தவை ஏறக்குறைய எல்லாமே பெண்ணாக இருந்தது தெரிந்தது. ஆமைகள் அருகியதற்கு முட்டை தின்றதும் மீன்வலையும் பெரிய காரணங்கள். ஆனால் பாதுகாக்க வைத்த கையும் கணக்குத் தெரியாமல் வைக்கப்பட்டிருந்தது.

ஈரப்பதம்தான் நம் ஊரில் பலரை ஏமாற்றுவது. முட்டை பொரிவதற்குள் தன் எடையில் எட்டில் ஒரு பங்கு போலத் தண்ணீரை ஆவியாக இழக்க வேண்டும். அப்போதுதான் காற்றறை வேண்டிய அளவுக்குப் பெரிதாகும். இதற்கு முதல் பதினெட்டு நாள் பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு இருந்தால் போதும். இயந்திரத்தோடு வரும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக் கணக்கில் எழுதியவை. முதல் நாளிலிருந்தே தண்ணீர் ஊற்றச் சொல்லும்.

நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கோலாலம்பூரில் சாதாரணமாக 28 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரமும் உள்ள காற்றை 37.7 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே ஈரப்பதம் 46 விழுக்காடு போல நிற்கும். அதுவே போதுமானது! அதன் மேல் தண்ணீரும் ஊற்றினால் முட்டை வற்றாது, காற்றறை சிறுத்துப்போகும், குஞ்சு ஊதிப் பெருத்து, திரும்ப இடமில்லாமல் நீரிலேயே மூச்சுமுட்டிச் சாகும். அதே பெட்டியை ஏர்கண்டிஷன் போட்ட அறையில் வைத்தாலோ ஈரப்பதம் 25 வரை இறங்கிவிடும்; சவ்வு காயும். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் பொரிந்த கணக்கு கிள்ளான் வீட்டில் பொரியாததற்குப் பல வேளைகளில் இதுதான் காரணம். சிறிய ஈரப்பதமானி ஒன்று வாங்கி உள்ளே வைப்பது, ஊர் ஊராக யோசனை கேட்பதைவிட மேல்.

பதினெட்டாம் நாள் நிலைமை மாறுகிறது. முட்டையைப் புரட்டுவதை நிறுத்தி, அகலமான தட்டில் தண்ணீரும் ஈரத்துணியும் வைத்து, ஈரப்பதத்தை 65, 70க்கு ஏற்ற வேண்டும். பிறகு மூடியை மூடிவிடுங்கள். பொரிந்த குஞ்சுகளை வெளியே எடுக்கவும் அவசரமில்லை. ஒரு நாள் உள்ளேயே கிடந்து காயட்டும், கட்டுச்சோறு இருக்கிறதே!

மின்சாரம் போனால் பெட்டியைக் கம்பளியால் போர்த்துங்கள். தாய்க்கோழியும் தினம் சிறிது நேரம் முட்டையைவிட்டு மேயப் போகத்தான் செய்கிறது. ஓரிரு மணி நேரத்தில் எல்லாம் கெட்டுவிடாது.

முதலையும் காகாப்போவும்

பெரிய பொரிப்பகங்களில் இந்த விவாதமே கிடையாது. இருபத்தொரு நாள் கணக்கு முடிந்ததும் தட்டை இழுப்பார்கள். வந்தவை குஞ்சு, வராதவை கழிவு. ஆயிரத்தில் ஒன்றுக்காக நிற்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தச் சட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு அப்படியே கொண்டுவருவதும் சரியல்ல.

மறுகோடியில் நியூசிலாந்தின் காகாப்போ. பறக்க முடியாத பெரிய கிளி அது. 2014இல் உலகத்திலேயே நூற்றுச் சொச்சம்தான் உயிரோடு இருந்தன. அந்த ஆண்டு தாய்ப்பறவை தெரியாமல் மிதித்து நசுக்கிய ஒரு முட்டையைக் காவலர்கள் எடுத்து, பசையும் ஒட்டுநாடாவும் கொண்டு ஒட்டி, பொரிப்புப் பெட்டியில் வைத்துக் காத்தார்கள். குஞ்சு உயிரோடு வந்தது! கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று நாம் கேட்கிறோம். காகாப்போ மிதித்தால் சாகத்தான் செய்யும் போலிருக்கிறது. இனமே அழியும் நிலையில் கையை வைக்காமல் இருக்க முடியுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன் குஞ்சுக்கு ஓட்டை உடைத்துக் கொடுக்கும் தாய் இயற்கையில் உண்டு; அது முதலை. உள்ளிருந்து குரல் கேட்டதும் மணலைத் தோண்டி, பொரியாத முட்டையை வாயில் வைத்து நோகாமல் உருட்டி உடைத்துக் கொடுக்கும். கோழி அதைச் செய்வதில்லை.

வெளியே வந்த பிறகு

உதவி பெற்ற குஞ்சு சில மணி நேரம் துவண்டு கிடக்கும், பயப்பட வேண்டாம். வழுவழுப்பான செய்தித்தாளில் விடாதீர்கள். கால் வழுக்கி அகன்றுவிடும். சொரசொரப்பான துணி விரியுங்கள். கால்கள் பரப்பி நின்றால் மெல்லிய ஒட்டுநாடாவால் இரண்டு காலையும் இயல்பான இடைவெளியில் சேர்த்து இரண்டு மூன்று நாள் கட்டிவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தொப்புள் ஈரமாக இருந்தால் அயோடின் தொட்டு வையுங்கள். முதலில் தண்ணீர், பிறகு தீனி. முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி கதகதப்பு வேண்டும்.

மூன்று நாளாகியும் நிற்காமல், தின்னாமல் கிடந்தால் அது பிழைப்பது அரிது. பெட்டியில் குறையே இல்லாமல், மற்றவை எல்லாம் நன்றாகப் பொரிந்து, தன் பலவீனத்தால் மட்டும் பின்தங்கிய குஞ்சு தேறினாலும், அதை அடுத்த தலைமுறைக்கு விதைக்கோழியாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஒரு குஞ்சுக்காக இரவெல்லாம் விழித்த வீட்டில், வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கொடுக்காமல் விட்டு, இரண்டு மாதம் கழித்து இருபது கோழிகளை ஒரே வாரத்தில் புதைப்பதும் நடக்கிறது. கம்பத்துக் கோழிக்கு ஊசி போடப் பிடித்துவருவதே பெரும்பாடு என்பதால், சூட்டைத் தாங்கக்கூடிய வி4 என்ற மருந்தைத் தீனியிலேயே கலந்து கொடுக்கும் முறையை 1980களில் செர்டாங்கிலுள்ள விவசாயப் பல்கலைக்கழகத்தில், இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்தில், ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து ஆராய்ந்து உருவாக்கினார்கள். இப்போது உங்கள் வட்டாரத்தில் எந்த மருந்து கிடைக்கும் என்பதைக் கால்நடை இலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருபத்துமூன்றாம் நாளும் கடந்து, விளக்கொளியில் அசைவில்லை, காதில் வைத்தால் சத்தமில்லை என்றால் அந்த முட்டைகளைத் தூர எறியாமல் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் அகன்ற பக்கத்தில் உடைத்துப் பாருங்கள். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். வெறும் மஞ்சள் கருவா? சேவல் சேரவில்லை, அல்லது முட்டை பழையது. ஒரு வாரத்துக்கு மேல் சேமித்ததை வைக்காதீர்கள். நீர் கோத்து ஊதிய குஞ்சா? ஈரம் கூடிவிட்டது. சவ்வு இறுகிக் காய்ந்த குஞ்சா? ஈரம் குறைந்துவிட்டது. தலை கூர்ப்பக்கம் இருக்கிறதா? முட்டையைக் கூர்நுனி மேலே இருக்கும்படி வைத்திருக்கிறீர்கள். கண்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைத்துவிட்டு, பெட்டியைச் சோப்பு நீரால் கழுவி வெயிலில் காயப் போடுங்கள். அடுத்த பன்னிரண்டு முட்டைகளை அதற்குப் பிறகு வைக்கலாம்.